தொப்பி போட்ட யூ

பிரெஞ்சு இலக்கணத்தில் பயமுறுத்தும் பெயர்களுக்குக் குறைவில்லை. அதிலும் ‘ப்ளூஸ்-க-பார்ஃபே து சுப்ஜொங்க்தீஃப்’ என்று ஒன்று இருக்கிறது, நடந்ததாக நினைத்ததையும் நடக்காமல் போனதையும் சொல்லும் ஓர் இறந்தகால வடிவம். வினை அட்டவணையின் கீழ் மூலையில், எல்லாம் முடிந்த பிறகு ஒட்டிவிட்டது மாதிரிக் கிடக்கும். என்னிடம் படிக்க வருகிறவர்கள் அந்த மூலையைக் கண்டதுமே பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பிரான்சில் பிறந்து வளர்ந்தவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெயர்தான் நீளமே தவிர, பிரெஞ்சில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற காலம் வேறொன்று கிடையாது. ஏற்கெனவே பாசே கொம்போசே, அதாவது பேச்சில் வரும் சாதாரண இறந்தகாலம், தெரிந்தவருக்கு ஒரு பின்னேரம் போதும்.

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைதான் என் வகுப்பறை. ஒரு வெள்ளைப்பலகை, கொஞ்சம் பிளாஸ்ரிக் கதிரைகள், கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும் ஒரு மின்விசிறி. நான் களனிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்தவள். வருகிறவர்களில் அதிகம் பேர் கலியாணம் எழுதிவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள். மாப்பிள்ளை பாரிசின் லாச்சப்பலில் கடையில் நிற்பார், அல்லது பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னேவில் வீடு எடுத்திருப்பார். ஏ.எல்லுக்குப் பிரெஞ்சை ஒரு பாடமாக எடுக்கிற பிள்ளைகள் எப்போதாவது ஒன்றிரண்டு பேர். இவர்களோடு ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். மகள் பாரிசில், பேத்தி அங்கே பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய வாசிப்புப் புத்தகத்தை வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பதற்காகவே படிக்க வந்தவர். விசாவும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். அதனால்தானோ என்னவோ, வகுப்பில் உருப்படியான கேள்விகள் அவரிடமிருந்துதான் வரும்.

“ரீச்சர், இது என்ன, யூவுக்கு மேலை ஒரு கூரை?” என்று ஒருநாள் கொப்பியை நீட்டினார். பேத்தியின் புத்தகத்தில் இருந்து ஒரு வசனத்தை அப்படியே பார்த்து எழுதியிருந்தார், தபால் கந்தோர்க் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. “பேத்தி சொல்லுறாள், அம்மப்பா, அதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை, விட்டிட்டு அங்காலை போங்கோ எண்டு.”

பேத்தி சொன்னதில் பிழையில்லை. ஒருவரும் கதைப்பதில்லை. ஆனால் எழுதுகிறார்கள். விட்டுவிட்டு அங்கால் போகிறவருக்குத்தான் அடுத்த வசனம் விளங்காமல் போகிறது.

சரி, செய்முறைக்கு வருவோம்.

பாசே கொம்போசே எப்படிச் செய்கிறோம்? அவ்வார் அல்லது எத்ர, இந்த இரண்டு துணைவினைகளில் ஒன்று. அதற்குப் பின்னால் பர்திசிப் பாசே, அதாவது வினையின் இறந்தகால எச்ச வடிவம். பார்லே, வெனூ, பார்தி, ஃபே என்று எல்லாருக்கும் பாடமான உருப்படிகள். எந்த வினைக்கு அவ்வார், எந்த வினைக்கு எத்ர என்பதை முதல் நிலையிலேயே அடித்துப் பாடமாக்கியாயிற்று. போகிற, வருகிற, பிறக்கிற, சாகிற வினைகளுக்கு எத்ர, தன்னைத்தான் குறிக்கும் வினைகளுக்கும் எத்ர, மற்றதுக்கெல்லாம் அவ்வார். இடியப்பத்துக்கு மா குழைத்து வைத்தாயிற்று, இனி உரலில் போட்டுப் பிழிகிறதுதான் மிச்சம் என்கிற நிலை. இங்கே மாற வேண்டியது அந்தத் துணைவினை மட்டும். அதை எம்பார்ஃபே து சுப்ஜொங்க்தீஃப் என்ற பழைய இறந்தகால வடிவத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அவ்வார் இப்படிப் போகும். நான் என்றால் ‘யூஸ்’, நீ என்றால் ‘யூஸ்’, அவன் அல்லது அவள் என்றால் ‘யூ’, நாங்கள் என்றால் ‘யூஸ்யோன்’, நீங்கள் என்றால் ‘யூஸ்யே’, அவர்கள் என்றால் மறுபடியும் ‘யூஸ்’. மூன்று ‘யூஸ்’களுக்கும் எழுத்தில் முடிவுகள் மாறும், காதுக்கு மூன்றும் ஒன்றுதான். எத்ரவுக்கு இதே ஒலிகளின் முன்னால் ஒரு ‘எஃப்’ சேர்த்துக்கொண்டால் போதும்: ஃப்யூஸ், ஃப்யூஸ், ஃப்யூ, ஃப்யூஸ்யோன், ஃப்யூஸ்யே, ஃப்யூஸ். இதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னால் வகுப்பில் யாராவது ஒருவர் மின்விசிறியைப் பார்த்து “ஃப்யூஸ் போச்சு ரீச்சர்” என்று சொல்லாமல் விடமாட்டார். ஒவ்வொரு வகுப்பிலும் இதே பகிடி. நானும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன்.

அவ்வளவுதான். ‘கில் யூ பார்லே’ என்றால் அவன் பேசியிருந்ததாக. ‘கெல் ஃப்யூ வெனூ’ என்றால் அவள் வந்திருந்ததாக. எத்ர வந்தால் பாசே கொம்போசேயில் போலவே பின்னால் வரும் சொல் பெண்பாலுக்கும் பன்மைக்கும் ஏற்ப எழுத்தில் மாறும். புதுச் சட்டம் ஒன்றும் இல்லை. எல்லாரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. எத்ர என்ற வினையே தனக்குத் துணையாக அவ்வாரைத்தான் எடுக்கும். அதனால் ‘ஃப்யூ எத்தே’ என்று எழுதக்கூடாது, ‘யூத் எத்தே’. நடுவில் ஒலிக்கும் அந்த ‘த்’, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்குவதால் உயிர் பெறுகிற பழைய மெய்.

பெயர் கொஞ்சம் சுருக்கமாக இருக்கும் அதன் தம்பி, வெறும் எம்பார்ஃபே து சுப்ஜொங்க்தீஃப், இதைவிட எவ்வளவோ கஷ்டம். அதற்கு ஒவ்வொரு வினையின் பாசே சேம்ப்ல் என்ற எழுத்துவழக்கு இறந்தகால வடிவமும் தெரிந்திருக்க வேண்டும். ஃபேர் என்றால் ‘ஃபீஸ்’, வெனீர் என்றால் ‘வேன்ஸ்’, புவ்வார் என்றால் ‘ப்யூஸ்’. கடைசியாகச் சொன்னது காதுக்குத் தெள்ளுப்பூச்சி என்ற சொல் மாதிரியே கேட்கும். பிரெஞ்சுக்காரரே சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்க்கிற வடிவங்கள் இவை. பேச்சிலிருந்து இது ஒதுங்கியதில் அந்தச் சிரிப்புக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆனால் ப்ளூஸ்-க-பார்ஃபேக்கு இந்தச் சள்ளை ஒன்றும் கிடையாது. ஆயிரம் வினை இருந்தாலும் உனக்குத் தேவை யூஸும் ஃப்யூஸும்தான். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் ஏன் கஷ்டமானதை முன்னுக்கும் லேசானதைப் பின்னுக்கும் வைக்கிறார்களோ தெரியவில்லை. நான் மாற்றித்தான் படிப்பிக்கிறேன்.

இன்னும் சொல்லப்போனால் பன்னிரண்டு வடிவத்தையும் பாடமாக்க வேண்டிய தேவைகூட இல்லை. ‘யூஸ்யோன்’, ‘ஃப்யூஸ்யே’ எல்லாம் இன்றைக்கு வாசிப்பில் எதிர்ப்படுவது அரிது. எதிர்ப்படுவது படர்க்கை ஒருமை: தொப்பி போட்ட யூ, தொப்பி போட்ட ஃப்யூ. இரண்டையும் கண்டுபிடிக்கத் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. தபாலதிபர் ஐயா கூரை என்று சொன்ன அந்தக் குறியைத்தான் நான் வகுப்பில் தொப்பி என்பேன்.

தொப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வில்லங்கமும் அங்கேதான். தொப்பி இல்லாத ‘யூ’ ஒன்றும் இருக்கிறது. ஈ, யூ, ரீ, அதே மூன்று எழுத்து. அது பாசே சேம்ப்ல். அதற்குப் பின்னால் பர்திசிப் வந்தால் பாசே ஆந்தேரியர். அது நடந்து முடிந்த உண்மைச் சம்பவத்தைச் சொல்வது. தொப்பி வந்தால் சுப்ஜொங்க்தீஃப்: நடந்ததாக நினைத்தது, பயந்தது, விரும்பியது, நடக்காமல் போனது. உச்சரிப்பில் மயிரிழை வித்தியாசமும் கிடையாது. வாயால் சொல்லிக் கேட்டால் இது எந்த ‘யூ’ என்று வசனத்தின் போக்கை வைத்துத்தான் சொல்லலாம். கண்ணுக்குத்தான் தொப்பி.

வகுப்பில் நான் இரண்டு வசனத்தைப் பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவேன். ‘ஆவான் கில் யூ பார்லே’, அவன் பேசுவதற்கு முன். ‘ஆப்ரே கில் யூ பார்லே’, அவன் பேசிய பின். மேலே உள்ளதற்குத் தொப்பி உண்டு, கீழே உள்ளதற்கு இல்லை. ஆவானுக்குப் பிறகு சுப்ஜொங்க்தீஃப் வரும். ஏனென்றால் அந்த நேரத்தில் பேச்சு இன்னும் நடக்கவில்லை. ஆப்ரேக்குப் பிறகு வராது; பேச்சு நடந்து முடிந்துவிட்டது, அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. நியாயம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆப்ரேக்குப் பின்னால் தொப்பி போட்டுவிடும் பிரெஞ்சுக்காரர் ஏராளம். அச்சில் வந்த கட்டுரைகளிலேயே காணலாம். தொப்பி போட்டால் எழுத்து ஒரு படி உயர்ந்துவிடும் என்ற எண்ணம் போல. எங்கள் ஊரில் சிலர் மேடை ஏறியதும் தேவையில்லாத இடத்தில் எல்லாம் ‘ஆகவே’ போடுவார்கள் அல்லவா, அந்தக் குணம் எல்லா மொழியிலும் இருக்கிறது.

தொப்பி எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதைதான். பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லின் நடுவில் ஓர் ‘எஸ்’ இருந்தது. லத்தீன் மூலத்திலிருந்து இறங்கி வந்த ‘எஸ்’. காலப்போக்கில் ஒலி தேய்ந்துபோனது, எழுத்து மட்டும் நின்றது. 1740-இல் பிரெஞ்சு அக்கடமி தன் அகராதியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, இப்படி ஒலிக்காத ‘எஸ்’களைப் பெருவாரியாக எடுத்துவிட்டு, முன்னால் இருந்த உயிரெழுத்தின் தலையில் தொப்பியை வைத்தது. பாசே சேம்ப்லின் ‘யூ’வுக்குள் அந்த ‘எஸ்’ ஒருபோதும் இருந்ததில்லை; அதனால் அதற்குத் தொப்பியும் இல்லை.

லத்தீன் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. 1847-இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரை நினைத்துப் பார்க்கிறேன். சபை பிரான்சின் ஏக்ஸ் நகரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் ஆயராக இருந்த பொன்ஜீன் ஆண்டகை பிரான்சின் ரியோம் ஊர்க்காரர், 1856-இல் இங்கே வந்தவர். லத்தீனில் பூசை வைத்து, பிரெஞ்சில் கடிதம் எழுதி, தமிழில் பிரசங்கம் செய்த மனிதர்கள். அந்தக் காலத்தில் படித்த ஒரு பிரெஞ்சுக்காரர் கடிதம் எழுத உட்கார்ந்தால் யூஸும் ஃப்யூஸும் தானாக வந்து விழும். யாழ்ப்பாணத்து வெயிலுக்குள் இருந்து அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் எத்தனை தொப்பி இருந்திருக்கும்! யாழ்ப்பாணத்துப் பேராலயம் இருக்கும் பெரிய கோவிலடியைத் தாண்டிப் போகும்போது இந்த நினைப்பு எனக்கு வரும். வேறு யாருக்கும் வராது என்று நினைக்கிறேன்.

எங்கே பாவிப்பது? இரண்டு இடம்.

முதலாவது, காலப் பொருத்தம். சுப்ஜொங்க்தீஃபைக் கேட்கும் ஒரு வினையோ இடைச்சொல்லோ வந்து, தலைமை வாக்கியம் இறந்தகாலத்தில் இருந்து, துணைவாக்கியத்தில் சொல்லும் செயல் அதற்கும் முன்னால் நடந்ததாக இருந்தால், பழைய இலக்கணத்தின்படி இதுதான் வரவேண்டும். தபாலதிபர் ஐயா எழுதிக்கொண்டு வந்த வசனம் இந்த வகை. ‘ஜ க்ரெஞ்ஞே கில் ந ஃப்யூ பார்தி.’ அவன் போய்விட்டிருப்பானோ என்று பயந்தேன். பயந்தது நேற்று, போனது அதற்கும் முன்னால், ஆனால் போனானா இல்லையா என்பது பயந்த நேரத்தில் தெரியாது. அந்தத் தெரியாத் தன்மையைத் தொப்பி சுமக்கிறது. நடுவில் வரும் ‘ந’ மறுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பயப்படும்போது பிரெஞ்சுக்காரர் போட்டுக்கொள்ளும் ஓர் அலங்காரம். அதை எதிர்மறை என்று எடுத்து ‘அவன் போகவில்லையே என்று பயந்தேன்’ என மொழிபெயர்த்தால் கதையே தலைகீழாகிவிடும். ஐயா முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். கதையில் அடுத்த வசனத்தில் கதாநாயகி தெருவழியே ஓடுகிறாள். “போகேல்லை எண்டால் ஏன் பிள்ளை இவள் ஓடுறாள்?” என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி.

இன்றைய பிரெஞ்சில் இதே வசனத்தை ‘கில் ஸ்வா பார்தி’ என்று சாதாரண சுப்ஜொங்க்தீஃப் பாசேயில் முடித்துவிடுவார்கள். பேச்சில் மட்டுமல்ல, எழுத்திலும்தான். இந்தத் தளர்வு இன்று நேற்று வந்ததும் அல்ல. 1901 பெப்ரவரி 26-இல் பிரான்சின் கல்வி அமைச்சர் ஜோர்ஜ் லேக் ஓர் ஆணை வெளியிட்டார். பரீட்சையில் எந்தெந்தப் பிழைகளைப் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்று ஒரு நீண்ட பட்டியல் அது. கொந்திசியோனெல் என்ற நிபந்தனை வடிவ வினையைச் சார்ந்து வரும் துணைவாக்கியத்தில் எம்பார்ஃபே சுப்ஜொங்க்தீஃபுக்குப் பதிலாக நிகழ்கால வடிவம் எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒன்று. நூற்றிருபது வருடத்துக்கு மேலாக அரசாங்கமே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்றால், விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளை இதை எழுதப் பழகவில்லையே என்று நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

இரண்டாவது இடம்தான் எனக்குப் பிடித்தது. நடக்காமல் போனதைச் சொல்வது. ‘வந்திருந்தால் கண்டிருப்பேன்.’ தமிழில் நாங்கள் முன்பாதிக்கு ஒரு வடிவம், பின்பாதிக்கு வேறொரு வடிவம் வைக்கிறோம். ‘இருந்தால்’ முன்னுக்கு, ‘இருப்பேன்’ பின்னுக்கு. இன்றைய பிரெஞ்சும் அப்படித்தான்: முன்னால் சாதாரண ப்ளூஸ்-க-பார்ஃபே, பின்னால் கொந்திசியோனெல் பாசே. பழைய எழுத்தில் இரண்டு பாதியிலும் அதே தொப்பி யூவை வைக்கலாம். லத்தீனில் அப்படித்தான் இருந்தது. இல்லாவிட்டால் ஒரு பாதியில் மட்டும் வைத்து மற்றப் பாதியைப் புது முறையில் விடலாம், அதுவும் சரி. பாஸ்கால் எழுதிய கிளியோபாத்ராவின் மூக்கு வசனம் இந்தக் கலவைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த மூக்கு இன்னும் கட்டையாக இருந்திருந்தால் உலகத்தின் முகமே மாறியிருக்கும் என்பார். ‘இருந்திருந்தால்’ என்ற இடத்தில் ‘யூத் எத்தே’, ‘மாறியிருக்கும்’ என்ற இடத்தில் சாதாரண ‘ஓரே ஷான்ஜே’.

பின்பாதியில் யூஸ் வரும்போது அதைச் சில புத்தகங்கள் ‘கொந்திசியோனெல் பாசே, இரண்டாம் வடிவம்’ என்று வேறு பெயரில் அச்சடிக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு அடையாள அட்டை. பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாகப் பாடமாக்கி, பிறகு குழம்பிக்கொண்டு வருவார்கள். ஓர் எழுத்தும் மாறவில்லை, ஒரே சாமான்தான் என்று சொல்லிக்கொடுத்தால் அப்படியே ஒரு பெருமூச்சு.

இந்தப் பாடம் எடுக்கும் நாளில் ஆளுக்கு ஒரு வசனம் எழுதச் சொல்வேன். நடக்காமல் போன ஒன்று. யாழ்ப்பாணத்தில் இந்தப் பயிற்சிக்குச் சரக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளைகள் விசாவைப் பற்றி எழுதுவார்கள், கொழும்புக்கு நேரத்துக்குப் போகாத பஸ்ஸைப் பற்றி எழுதுவார்கள், மாமியார் பற்றி ஒரு வசனம் கட்டாயம் வரும். தபாலதிபர் ஐயா எழுதியது நூலகத்தைப் பற்றி. ‘1981-இல் நூலகம் எரிக்கப்படாமல் இருந்திருந்தால் நான் அங்கே இன்னும் நிறைய வாசித்திருப்பேன்.’ அப்போது அவர் இளந்தாரி. வேலை கிடைத்த புதிது. பின்னேரங்களில் அங்கே போய் உட்கார்வாராம். இரண்டு பாதியிலும் பழைய முறையையே வைத்திருந்தார். ‘ந்யூ பா எத்தே ப்ரூலே’ என்று முன்னுக்கு, ‘ஜி யூஸ் ல்யூ’ என்று பின்னுக்கு. திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த வசனத்தைப் பலகையில் எழுதிப் பார்த்தால் இரண்டு தொப்பி இருக்கும். ஒன்று யூவில், மற்றது எரிப்பதைக் குறிக்கும் ப்ரூலேயில். 1990 டிசம்பரில் பிரான்சின் அரச இதழில் எழுத்துச் சீர்திருத்தப் பட்டியல் ஒன்று வெளியானது. ஐ, யூ எழுத்துகளின் மேலுள்ள தொப்பிகளைப் பொதுவாகக் கழற்றிவிடலாம் என்றது அது. அதன்படி ப்ரூலேயின் தொப்பியைக் கழற்றி எழுதினாலும் பிழையில்லை. ஆனால் இந்த யூவின் தொப்பியில் கை வைக்கக்கூடாது என்று அதே பட்டியலே விலக்கு வைத்திருக்கிறது. பாசே சேம்ப்லின் சில வடிவங்களிலும் சுப்ஜொங்க்தீஃபின் இந்த இரண்டு காலங்களிலும் தொப்பி நிற்க வேண்டும். காரணம் லேசானது: எடுத்துவிட்டால் நடந்ததும் நடக்காததும் எழுத்தில் ஒன்றாகிவிடும். ஒருவரும் கதைக்காத காலம் என்று ஒதுக்கிவிட்டு, பிறகு அதன் தொப்பிக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பாதுகாப்பு சும்மா இல்லை என்பதற்கு ஒரு கதை.

பக்கத்து ஒழுங்கை மாமி ஒரு பின்னேரம் போனோடு வந்தார். மகன் பிரான்சில் அகதி வழக்குப் போட்டிருக்கிறான். தீர்ப்பு வந்துவிட்டது, அவன் வேலையில் நின்றபடியே ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். மாமியின் மருமகப் பெடியன் அதைப் போனில் மொழிபெயர்த்துக் காட்டியிருக்கிறான். “அவர் அச்சுறுத்தப்பட்டிருந்தார்” என்று வந்திருக்கிறது. மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும். “கோட்டே ஒத்துக்கொண்டிட்டுது பிள்ளை. இனி வதிவிடக் கார்ட் குடுப்பாங்கள்தானே?”

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தின் முதல் வரியே ஒரு வசனத்தின் நடுவில் தொடங்கியது. ‘கில் யூத் எத்தே மெனசே.’ அச்சுறுத்தப்பட்டிருந்தார் என்பது உண்மைதான், ஆனால் யூவின் தலையில் தொப்பி. நீதிமன்றம் அதை ஒத்துக்கொண்டு நேராக எழுதியிருந்தால் அங்கே தொப்பிக்கு வேலையே இல்லை. இதற்கு முன்னால், நாம் பார்க்காத பக்கத்தின் அடியில், இந்தத் தொப்பியைக் கேட்கும் ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். “மாமி, இதுக்கு முந்தின பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ” என்றேன். அரைமணித்தியாலத்தில் வந்தது. கடைசி வரியில் ‘ஆ சுப்போசே மெம்’ என்று இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டாலும்கூட, என்று அர்த்தம். அவர் அச்சுறுத்தப்பட்டிருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும்கூட, இந்த இந்தக் காரணத்துக்காக அது போதாது. வழக்கு நிராகரிப்பு.

மாமிக்கு அதைச் சொல்வது லேசாக இருக்கவில்லை. எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மகனிடம் அவோக்காவை, அதுதான் வக்கீலை, உடனே போய்ப் பார்க்கச் சொல்லுங்கோ, இதற்கெல்லாம் தவணை இருக்கும், கார்ட் வரும் என்று காத்துக்கொண்டிருந்து தவணையை விட்டுவிடக்கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மகன் அடுத்த நாளே போயிருக்கிறான்.

சட்ட எழுத்தில் இது நிறைய வரும். ‘அப்படியே இருந்திருந்தாலும்’, ‘அது இல்லாதிருந்தால்’ என்று தொடங்கும் வாதங்கள் எல்லாம் தொப்பியோடு வரக்கூடும். பத்திரிகைத் தலையங்கங்களில் ‘கி ல்யூ க்ரூ’ என்று வரும், யார் நம்பியிருப்பார்கள் என்று. அது பேச்சிலும் தப்பிப் பிழைத்திருக்கிற ஒன்று; பாரிசில் மரக்கறிக் கடைக்காரரும் சொல்லுவார், தான் எந்தக் காலத்தைப் பாவிக்கிறார் என்று தெரியாமலே. ‘ஃப்யூஸ்’ என்று ஒலிக்கிற, நடுவில் கோடு போட்டு இரண்டு சொல்லாக எழுதும் ‘அதுவாகவே இருந்தாலும்’ என்ற தொடரும் அப்படித்தான். அங்கே ஒலிக்கும் ‘ஸ்’ பின்னால் வரும் சொல்லின் ஒலி, எங்கள் ஃப்யூஸ் அல்ல. தனியே பார்த்தால் அதுவும் தொப்பி போட்ட ஃப்யூதான்.

பரீட்சை பற்றிக் கேட்கிறவர்களுக்கு: தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தகுதிப் பரீட்சையின் ஏ1, ஏ2, பி1 எதிலும் இதை எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிரான்சில் 2026 ஜனவரி 1 முதல் பத்து வருடக் கார்ட்டுக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று படி உயர்த்திவிட்டார்கள். அதற்காகவும் யூஸைப் பாடமாக்கத் தேவையில்லை. பி2-வில் வாசிக்கத் தருகிற கட்டுரையில் ஒன்று தலைகாட்டினால் கண்டுகொள்ளத் தெரிந்தால் சரி. நேரம் மிஞ்சினால் அதைச் சாதாரண சுப்ஜொங்க்தீஃபுக்குக் கொடுங்கள், அதில்தான் மதிப்பெண் போகிறது.

இன்னொன்று. படித்த புளுகத்தில் அங்குள்ள கந்தோருக்கு எழுதும் கடிதத்தில் ‘ஜ்யூஸ் எமே’ என்று தொடங்கிவிடாதீர்கள். விரும்பியிருப்பேன் என்று பணிவாகச் சொல்ல ‘ஜோரே எமே’ போதும். அதுதான் இன்றைய வழக்கு. மற்றதை வாசிக்கிற எழுதுவினைஞர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார், உங்கள் கோப்பு அதுவரைக்கும் மேசையில் கிடக்கும்.